துடைத்த பேனா எந்த டப்பாவில்?

எங்கள் கண் ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர்கள் சில நாள் கழித்துச் சிவந்த கண்ணோடு திரும்பி வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு தையல்காரர். நல்ல கண்ணோடு வந்து, அளவு பார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டு போனவர், அடுத்த வாரம் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டே வந்து நின்றார். "நான் ஊசியில நூல் கோக்க முடியலன்னுதானே வந்தேன்? இதையும் சேத்துக் கட்டிக் குடுத்துட்டீங்களே" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு டீச்சர், ஒரு லாரி கிளீனர், புதுக்கண்ணாடியைப் போடக்கூட முடியாமல் பையில் வைத்துக்கொண்டு வந்த ஒரு கல்லூரிப் பெண்.

நான் அங்கே மருந்து கொடுக்கிறவன். பதிவுக் கவுண்டரை ஒட்டினாற்போல் என் ஜன்னல். நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. கவுண்டரில் யார் தும்மினாலும் எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

டாக்டரம்மா ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கைகழுவும் இடத்தில் தொங்கிய துண்டை எடுத்துவிட்டுக் காகிதம் வைத்தார். நாற்காலிக் கைப்பிடிகளைத் துடைக்கச் சொன்னார். எழுத்துப் பலகையைப் படிக்கும்போது ஒரு கண்ணை மறைத்துக்கொள்ளக் கொடுக்கிற கறுப்புக் கரண்டியை ஒவ்வொருவருக்குப் பிறகும் ஸ்பிரிட்டில் முக்கச் சொன்னார். பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டி வெளியே போட்டார். அப்படியும் சிவந்த கண்கள் வந்துகொண்டே இருந்தன.

"பேனா?" என்று ஒருநாள் கேட்டார்.

"அதெல்லாம் ஒவ்வொண்ணும் துடைச்சுதான் குடுக்கறோம் டாக்டர்" என்றாள் காலையம்மா. அதே கேள்விக்கு மதியத்துக்குமேல் அதே பதிலைச் சொன்னாள் மாலையம்மா. இரண்டு பேரும் சொன்னது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு ஸ்பிரிட் பஞ்சால் தேய்ப்பார்கள். பேனாக்களின் மேல் இருந்த கம்பெனிப் பெயரெல்லாம் அழிந்து மொட்டையாகிவிட்டது. ஸ்டேப்ளர், பசைக்குப்பி, அட்டைக் கிளிப் எதையும் விடுவதில்லை.

இவர்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலை நேரத்துக் கவுண்டர்காரி காலையம்மா. மதியத்திலிருந்து மூடும்வரை இருப்பவள் மாலையம்மா. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். உறவு என்று பார்த்தால், காலையம்மாவுடைய வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்காதான் மாலையம்மா. தம்பி பொண்டாட்டிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அப்புறம் ஒரு குக்கர் இவள் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்குப் போய், விசில் இல்லாமல் திரும்பி வந்தது. விசிலோடுதான் கொடுத்தேன் என்றாள் ஒருத்தி. வரும்போதே விசில் இல்லை என்றாள் மற்றவள். அன்றோடு பேச்சு நின்றது. ஒருத்தி முன்வாசல் வழியாக உள்ளே வரும்போது மற்றவள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் தடுப்புக்கு மேலே தலை நீட்டி என்னிடம் சொல்வார்கள். ஒருவர் பெயரை ஒருவர் எடுப்பதில்லை. இரண்டு பேருக்கும் மற்றவள் பெயர் 'அங்க'.

"மருந்து அண்ணே, பிரிண்டர்ல பேப்பர் சிக்குதுன்னு அங்க சொல்லிடுங்க."

"மருந்து அண்ணே, சிக்குதுன்னு சொல்றவங்க அதைச் சரி பண்ணிட்டுப் போகக்கூடாதான்னு அங்க கேளுங்க."

நான் முதல் பாதியைச் சொல்வேன், இரண்டாம் பாதியை விழுங்கிவிடுவேன். இரண்டு பக்கத்து வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பதும் ஒரு உத்தியோகம்தானே.

கண்சிவப்பு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பதற்றம். காரணம் டிரைவர். காலையம்மாவின் புருஷன், மாலையம்மாவின் தம்பி. பஸ் ஓட்டுகிறவர். இடது கண்ணில் புரை விழுந்து, எதிரே வருகிற விளக்கெல்லாம் பஞ்சுமிட்டாய் மாதிரி தெரிகிறது என்று வண்டியைவிட்டு இறக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மாதக் கடைசிக்குள் பார்வை சரியாகிவிட்டது என்று சான்றிதழ் கொண்டுபோய்க் கொடுத்தால் அவருடைய வழித்தடமே மறுபடி கிடைக்கும். தவறினால் டயர் கழற்றுகிற பிரிவு. அங்கே போனவர்கள் திரும்பி ஸ்டியரிங் பிடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஆபரேஷனுக்கு முன் கண் சிவந்தால் டாக்டரம்மா கத்தியை எடுக்கவே மாட்டார். சிவப்போடு கண்ணுக்குள் கை வைத்தால் கிருமி உள்ளே போய்க் கண்ணே கையைவிட்டுப் போகலாம் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்.

அதனால் காலையம்மா வீட்டில் புருஷனுக்குத் தனித் துண்டு, தனித் தலையணை. மாலையம்மா தம்பிக்குப் போன் போட்டு, "கண்ணுல கை வெக்காத, கை வெக்காத" என்று ஓயாமல் சொல்வாள். அவர் என் ஜன்னலில் வந்து, "கண்ணுன்னு ஒண்ணு இருக்கறதே இப்பதான் எனக்கு ஞாபகம் இருந்துகிட்டே இருக்கு அண்ணே. அது ஞாபகம் வந்ததும் அரிக்குது" என்பார்.

செவ்வாய்க்கிழமை அவர் கண் அளவு எடுக்கவும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவும் வந்தார். சரியாகக் கவுண்டர் கை மாறுகிற நேரம். புருஷனுக்காகக் காலையம்மா கிளம்பாமல் நின்றாள். தம்பிக்காக மாலையம்மா முன்னதாகவே வந்துவிட்டாள். கவுண்டருக்கு உள்ளே இரண்டு பேரும் ஒன்றாக நின்றதை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. ஒருத்தி சுவரைப் பார்த்தாள், ஒருத்தி மின்விசிறியைப் பார்த்தாள்.

கவுண்டர் மேல் எப்போதும்போல் இரண்டு பாத்திரம். ஒன்று திறந்த எவர்சில்வர் டம்ளர். இன்னொன்று மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. பேனா விஷயம் முதலில் பேசப்பட்டபோதே டாக்டரம்மா, "துடைச்சது ஒண்ணுல போடுங்க, எழுத எடுத்தது ஒண்ணுல போடுங்க, கலக்காதீங்க" என்று வாங்கி வைத்தது. எழுதி முடித்த பேனாவை உடனே துடைக்க நேரம் இருக்காது. கூட்டம் குறையும்போது மொத்தமாகத் துடைப்பார்கள்.

டிரைவர் டம்ளரிலிருந்து தானாகவே ஒரு பேனாவை எடுத்து முதல் இரண்டு பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். பேனா மூடியால் புருவத்தைச் சொறிந்துகொண்டே, "இதுல என்னமோ உயிருக்குப் பொறுப்பில்லன்னு போட்டிருக்கே" என்றார்.

காலையம்மா அப்போதுதான் திரும்பினாள். "ஐயையோ! அதை ஏன் எடுத்தீங்க? அது எடுத்த பேனா!" என்று பிடுங்கி, டப்பாவின் மூடியைத் திறந்து வேறொன்றை நீட்டினாள்.

அதை மாலையம்மா நடுவழியில் மறித்தாள். "டேய், அதைத் தொடாத! அதுதான்டா எடுத்தது. டம்ளர்ல இருந்ததுதான் சுத்தம்."

"டம்ளர்ல இருக்கறது சுத்தமா? காலைலேருந்து அத்தனை பேரும் எழுதிட்டு அதுலதானே போட்டாங்க!"

"டம்ளர்ல எவளாவது எடுத்ததைப் போடுவாளா? திறந்து கிடக்கு பாரு, கை போட்டு எடுக்கறதுக்குத்தானே திறந்து வெச்சிருக்கு! எடுத்தது டப்பாவுல போகும். கிருமி வெளிய வரக்கூடாதுன்னுதானே மூடி?"

"மூடி கிருமி வெளிய வராம இருக்கறதுக்கா? தூசி உள்ள போகாம இருக்கறதுக்கு! துடைச்சு வெச்சதைத்தானே மூடி வெப்பாங்க? சோத்தை மூடி வெப்பீங்களா, எச்சித்தட்டை மூடி வெப்பீங்களா?"

"குப்பைத்தொட்டிய மூடி வெப்பியா, திறந்து வெப்பியா?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மூடியிருந்தவர்கள்கூடத் திறந்து பார்த்தார்கள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிவிட்டார்கள் என்பதே அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

டிரைவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடவா வேணாமா?"

மாலையம்மாவின் முகம்தான் முதலில் மாறியது. "அப்ப நான் வந்து உக்காந்ததும், டம்ளர்லேருந்து எடுத்துக் குடுக்கறது..." என்றாள்.

"நான் துடைக்காமப் போட்டது" என்றாள் காலையம்மா. சொல்லிவிட்டு அவளும் நிறுத்திக்கொண்டாள். "காலைல நான் வந்ததும் டப்பாவத் திறந்து குடுக்கறது?"

"ராத்திரி நான் துடைக்காமப் போட்டுட்டுப் போனது."

எனக்கு ஒரே இருட்டு. என் மேஜைமேல் இரண்டு மருந்துப் பெட்டிகளை வைத்து, இது டம்ளர், இது டப்பா என்று வைத்துக்கொண்டு, காலையில் இங்கேயிருந்து அங்கே, மாலையில் அங்கேயிருந்து இங்கே என்று குப்பிகளை மாற்றிப் பார்த்தேன். முதல் தடவை எல்லாம் சுத்தமாக வந்தது. இரண்டாம் தடவை எல்லாம் அழுக்காக வந்தது. மூன்றாம் தடவைதான் பிடிபட்டது. ஒருத்தி வேலையை ஆரம்பிக்கும்போது முதலில் வருகிற சிலருக்கு, மற்றவள் துடைக்காமல் விட்டுப்போன பேனா போகிறது. கூட்டம் குறைந்து துடைக்க ஆரம்பித்த பிறகு வருகிறவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தையல்காரர் கதவு திறந்ததும் முதல் ஆளாக வந்தவர்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. காலையம்மா வந்ததும் டம்ளரைப் பார்த்து, "அங்க ஒண்ணையும் துடைக்காமப் போட்டுட்டுப் போயிருக்காங்க பாருங்க" என்று என்னிடம் குறைப்படுவாள். மதியம் மாலையம்மா டப்பாவைத் திறந்து பார்த்து அதையே சொல்வாள். இரண்டு பேரும் மற்றவள் துடைத்து வைத்ததைத்தான் மறுபடி மாங்குமாங்கென்று துடைத்திருக்கிறார்கள். துடைக்காததைச் சிரித்த முகத்தோடு நீட்டியிருக்கிறார்கள்.

"காலைல யாரு எழுதினாங்க?" என்று மாலையம்மா கேட்டாள்.

"கண்ணு கோவைப்பழமா ஒரு அம்மாவும் பிள்ளையும் வந்தாங்க. அந்தப் பிள்ளை பேனாவை விடவே இல்ல."

அடுத்த நிமிஷம் டிரைவரை ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி சோப்பைத் தேய்த்தாள், ஒருத்தி தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"கண்ணைத் தொட்டீங்களா?"

"தொட்டிருப்பேன்."

"இடதா வலதா?"

"தொடாமயும் இருந்திருப்பேன். கண்ணைத் தொட்டதை எவனாவது கணக்கு வெச்சுக்குவானா?"

"புருவத்தைச் சொறிஞ்சியே, நான் பாத்தேன்டா."

"புருவம் கண்ணா? புருவம் கண்ணுல சேத்தியா அண்ணே?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அது தெரியவில்லை.

மருந்துக் கிட்டங்கி என்று என் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவதாக நான் கதவில் சாய்ந்துகொண்டேன். டாக்டரம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் பேச்சு.

"சொன்னா வெள்ளிக்கிழமை கிடையாது" என்றாள் காலையம்மா. "மாசக் கடைசி தாண்டிடும். டயர் பிரிவுக்குப் போனா மனுசன் உடைஞ்சிடுவாரு. உங்களுக்கும் எனக்கும் வேலை இருக்குமான்னும் தெரியாது. ஒண்ணும் ஆகலைன்னா? எத்தனையோ பேர் அந்தப் பேனாவுல எழுதிட்டு நல்லாத்தானே இருக்காங்க?"

"ஒண்ணு ஆச்சுன்னா? உள்ள கிருமி போய்க் கண்ணு போச்சுன்னா டயர்கூடக் கழட்ட முடியாது. வேலை கெடக்கு, சொல்லிடுவோம்" என்றாள் மாலையம்மா.

காலையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மாலையம்மா குரலை இறக்கி, "இல்ல... நீ சொல்றதும் சரிதான். கெடு தாண்டிட்டா அவன் பஸ்ஸை எவனாவது பிடிச்சுக்குவான். ரெண்டு நாள் பாத்துட்டு, சிவந்தா மட்டும் சொல்லுவமா?" என்றாள்.

காலையம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். "வேணாங்க. நீங்க மொதல்ல சொன்னதுதான் சரி. சிவப்பு வெளிய தெரியறதுக்கு முன்னாடியே உள்ள வேலைய ஆரம்பிச்சிருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. சொல்லிடுவோம்."

இப்படி இரண்டு பேரும் இடம் மாறிக்கொண்டார்கள். ஒருத்தி மற்றவளைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் தான் சமாதானமாகிவிடுகிறாள். இன்னொரு தடவை மாறினார்கள் என்றுகூட நினைக்கிறேன். யார் கட்சியில் யார் இருக்கிறார்கள் என்பதை நான் தொலைத்துவிட்டேன்.

"நீங்க சொல்லுங்க மருந்து அண்ணே."

"எனக்கு ரெண்டுமே சரியாப் படுது" என்றேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னை முறைத்தார்கள். முறைக்கும்போது அவர்களுக்குள் ஒரு ஜாடை இருந்தது. ரத்த சம்பந்தம் இல்லாதவர்களுக்கு அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

எனக்குப் பின்னால் ஈரக் கையோடு டிரைவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. "என் கண்ணைப் பத்திப் பேசறீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" என்றார்.

"சரி, நீங்களே சொல்லுங்க."

அவர் யோசித்தார். கை தன்னால் கண்ணை நோக்கிப் போயிற்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைத் தட்டிவிட்டார்கள்.

"சரியாத் தெரியாம பஸ்ஸை எடுத்தா, பின்னால உக்காந்திருக்கிற அம்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். "கண்ணு மட்டும் என்ன, அதையும் சரியாத் தெரியாம அறுக்கக்கூடாது. சொல்லிடுங்க." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவர்போல அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மாவிடம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்கள் சொன்னதை டாக்டரம்மா ஒரு தடவை கேட்டார். புரியவில்லை. டம்ளரையும் டப்பாவையும் கொண்டுவரச் சொல்லி மேஜைமேல் வைத்து இன்னொரு தடவை கேட்டார். "எதுல சுத்தம், எதுல எடுத்ததுன்னு அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லலையா?" என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

"சொல்லலை டாக்டர்" என்றார்கள் இரண்டு பேரும்.

"கேட்டுக்கவும் இல்லையா? உங்களுக்குள்ளகூடவா?"

குக்கர் விசிலைப் பற்றி அந்த அறையில் எப்படிச் சொல்வது?

டாக்டரம்மா வெள்ளிக்கிழமை ஆபரேஷனைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். "சிவக்காம இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். "டிப்போவுக்கு நான் எழுதித் தர்றேன். அவங்க ஒத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது." வேலையைவிட்டு யாரையும் நீக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒருத்தி வந்த பிறகும் மற்றவள் அரை மணி நேரம் கூட இருந்து, எல்லாவற்றையும் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். டப்பாவின் மூடியில் பேனா நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, அதில் போட்டால் திரும்ப எடுக்க முடியாதபடி பூட்டி வைத்தார்கள். சாவி துடைக்கிறவள் கையில்.

டிரைவர் கண் சிவக்கவில்லை. ஒருநாள் லேசாகச் சிவந்த மாதிரி இருந்தது. காலையம்மா மாலையம்மாவுக்குப் போன் போட்டாள். மாலையம்மா ஓடி வந்து, டார்ச் அடித்துப் பார்த்துக் கத்தினாள். வெங்காயம் உரித்தேன் என்றார் அவர். அப்படியானால் அந்தப் பேனாவில் கிருமியே இல்லையா, இருந்தும் ஒட்டவில்லையா, சோப்புத்தான் காப்பாற்றியதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கண்சிவப்பும் குறைந்தது. அதுவும் பேனாவாலா, காற்று மாறியதாலா என்று டாக்டரம்மாவே அடித்துச் சொல்லவில்லை.

ஆபரேஷன் நடந்தது. மாதக் கடைசி தாண்டித்தான் நடந்தது. கட்டைப் பிரித்த அன்று மூன்று பேரும் என் ஜன்னலுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தார்கள். குப்பியை நீட்டினேன். இரண்டு பெண்களும் கை நீட்டினார்கள். அவரே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"டிப்போவுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வரச் சொல்லியிருக்காங்க. பாக்கலாம்னு சொன்னாங்க. பாக்கலாம்னா என்ன அர்த்தம் அண்ணே?"

"நல்லதுக்குத்தான் இருக்கும்" என்றாள் காலையம்மா.

"நல்லதுன்னா வாய்விட்டுச் சொல்லியிருப்பானே" என்றாள் மாலையம்மா.

மூன்று பேரும் வாசல்படிக்குப் போனார்கள். தெருவில் ஒரு பஸ் திரும்பியது. டிரைவர் அப்படியே நின்றுவிட்டார். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, புதுக்கண்ணால் மட்டும் பார்த்தார். வண்டியின் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்தார், அதற்குக் கீழே வழித்தட எண்ணையும் படித்தார். அவர் ஓட்டிய வண்டி. பக்கத்தில் வந்தபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த முகத்தையும் பார்த்தார். சின்னப் பையன், மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. அவன் இவரை அடையாளம் தெரியாமல் கடந்துபோனான்.

"தெரியுதா?" என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள்.

"தெரியுது" என்றார். பஸ் முனையில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். "எல்லாம் நல்லாத் தெரியுது."

காலையம்மா மாலையம்மாவைப் பார்த்தாள். மாலையம்மா காலையம்மாவைப் பார்த்தாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, ஜன்னலுக்குள் இருந்த எனக்கும் தெரியவில்லை.